ஆளைத் தூக்கிவிட்டு ஊரைக் கேள்

மட்டக்களப்பின் கல்லடிக் கடற்கரையில் நின்று கிழக்கே பார்த்தால் தண்ணீர்தான் தெரியும். அந்தத் தண்ணீருக்குள், கரையிலிருந்து ஏறத்தாழ ஒன்பது கிலோமீற்றர் தள்ளி, ஐம்பது மீற்றருக்கும் அதிகமான ஆழத்தில் ஹேர்மிஸ் கிடக்கிறது. விமானந்தாங்கியாகவே திட்டமிட்டுக் கட்டத் தொடங்கப்பட்ட உலகின் முதற் கப்பல் அது. இப்போது வெளிநாட்டுக்காரர்கள் அதைப் பார்க்கச் சுழியோட வருகிறார்கள். எங்கள் ஊர்ப் பெடியள் அவர்களைப் படகில் ஏற்றிக்கொண்டு போய் வருகிறார்கள். ஹேர்மிஸ் என்றால் வாவிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள எங்கள் எழுவான்கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அன்றைக்கு அதே கடலில் நின்ற இன்னொரு கப்பலின் பெயரைக் கேட்டால் பெரியவர்களும் விழிக்கிறார்கள். அதன் பெயர் வீற்றா. மூழ்கிய கப்பலுக்குக் கிடைத்த பெயர், மூழ்கியவர்களைத் தூக்கிய கப்பலுக்குக் கிடைக்கவில்லை. எனக்கு இது நெடுநாளாக மனக்குறை.

1942 ஏப்ரல் 9, வியாழக்கிழமை. அதற்கு முந்திய ஞாயிறு, உயிர்த்த ஞாயிறன்று, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியிருந்தன. அடுத்தது திருகோணமலை என்று ஊகித்துத் துறைமுகத்திலிருந்த கப்பல்களை முதல்நாள் இரவே வெளியே அனுப்பிவிட்டார்கள். ஹேர்மிஸ் தன் விமானங்கள் இல்லாமலே தெற்கு நோக்கிப் புறப்பட்டது. துணைக்கு வாம்பயர் என்ற அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பல். காலையில் திருகோணமலை தாக்கப்பட்டது. அது ஓய்ந்ததும் ஹேர்மிஸ் திரும்பி வந்துகொண்டிருந்தபோது, மட்டக்களப்புக்கு நேரே, பத்தரை மணி கடந்த வேளையில் குண்டுவீச்சு விமானங்கள் வந்து சேர்ந்தன. இருபது நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. கப்பற்றலைவர் ஒன்ஸ்லோ உட்பட 300-க்கும் மேற்பட்டோர் கப்பலோடு போனார்கள். வாம்பயரும் மூழ்கியது. அன்று இந்தக் கடலில் ஹொலிஹொக் என்ற காவற் கப்பலும் இரண்டு எண்ணெய்க் கப்பல்களும்கூட மூழ்கின.

என் தகப்பனார் அப்போது இளந்தாரி. கடலுக்குள் இடி முழங்கியது போல் கேட்டதாகவும், மழை இல்லாமல் இடி எப்படி என்று வயலில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்ததாகவும் சொல்வார்.

இனி வீற்றா. அது போர்க்கப்பல் அல்ல. பிரிட்டிஷ் இந்தியா கப்பற் கம்பெனி 1914-இல் இறக்கிய பயணிகள் கப்பல். மதராசிலிருந்தும் நாகபட்டினத்திலிருந்தும் எங்கள் சனத்தை மலாயாவுக்கு ஏற்றிப் போன ரஜூலாவும் அதே கம்பெனியின் கப்பல்தான். போர் வந்ததும் வீற்றாவை மருத்துவக் கப்பலாக மாற்றினார்கள். மருத்துவக் கப்பல் என்றால் அதற்கு ஒரு கோலம் உண்டு: உடல் முழுக்க வெள்ளை, சுற்றிலும் பச்சைப் பட்டை, பெரிய செஞ்சிலுவைக் குறி. அதில் பீரங்கி இருக்கக் கூடாது, சண்டைக்குப் போகும் படையினரை ஏற்றிப் போகக் கூடாது. நான் யாரையும் அடிக்க மாட்டேன், என்னையும் அடிக்காதே என்று கடல் நடுவே பெயின்றால் எழுதி வைத்த வேண்டுகோள் அது. அந்த வேண்டுகோள் எல்லா நேரமும் மதிக்கப்படவில்லை. அதற்கு முந்திய ஆண்டு மத்தியதரைக் கடலில், தோப்ரூக் துறைமுகத்துக்கு அருகே, இதே வீற்றா குண்டுவீச்சில் அடிபட்டிருந்தது.

ஒருமுறை அடிபட்ட கப்பல். விமானங்கள் இன்னும் திரும்பி வரலாம். விலகிப் போக எல்லா நியாயமும் இருந்தது. வீற்றா விலகவில்லை. எண்ணெய் படர்ந்த நீரில் மிதந்தவர்களிடம் வந்தது. ஏறத்தாழ 600 பேரைத் தூக்கியெடுத்துக் கொழும்புக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. வேறு சிலர் கரைக்கு நீந்தி வந்தார்கள். ஜப்பானிய விமானிகள் அந்த வெள்ளைக் கப்பலைத் தொடவில்லை. அதையும் இங்கே சொல்ல வேண்டும். அன்றைக்குக் காலையிலிருந்து கண்ணிற்பட்ட கப்பலையெல்லாம் அடித்து மூழ்கடித்தவர்கள், இதை விட்டுவிட்டார்கள். தூக்க வந்தவனைத் தடுக்காமல் விட்டதும் தூக்கியதில் ஒரு பங்கு என்றுதான் நான் நினைக்கிறேன்.

இந்தக் கதையை நான் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது ஒரு கேள்வி எப்போதும் வரும். "சேர், அவங்கட ஆக்களைத்தானே அவங்க தூக்கினாங்க, அதில என்ன?" நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் கடற்சட்டத்திலேயே இருக்கிறது. 1910-இல் பிரசெல்ஸில் நாடுகள் கூடிச் செய்துகொண்ட உடன்படிக்கை ஒன்று, கடலில் உயிராபத்தில் இருக்கும் எவருக்கும், அவர் பகைவரே ஆனாலும், கப்பற்றலைவர் உதவ வேண்டும் என்கிறது. தன் கப்பலுக்கும் அதிலுள்ளவர்களுக்கும் பெரிய ஆபத்து வராத அளவில் என்பது மட்டுமே அதற்குள்ள எல்லை. டைற்றானிக் மூழ்கிய பிறகு 1914-இல் எழுதத் தொடங்கி, இப்போது 1974-ஆம் ஆண்டின் வடிவில் நடைமுறையிலுள்ள கடலுயிர்ப் பாதுகாப்பு உடன்படிக்கையும் இதையே கடமையாக்குகிறது. ஆபத்து என்ற செய்தி யாரிடமிருந்து வந்தாலும், உதவக்கூடிய நிலையிலுள்ள கப்பல் முழு வேகத்தில் அந்த இடத்துக்குப் போக வேண்டும். சரக்குக் கப்பல், உல்லாசப் பயணிகள் கப்பல், மீன்பிடிப் படகு, எதற்கும் விலக்கில்லை. ஆயிரம் பேர் நடனமாடிக்கொண்டிருக்கும் கப்பலும் திரும்பியாக வேண்டும். 2014 செப்டெம்பரில் சைப்பிரசுக்கு அருகே சலாமிஸ் பிலொக்சீனியா என்ற உல்லாசக் கப்பல் அப்படித் திரும்பித்தான், சிறு படகொன்றில் தத்தளித்த முந்நூற்றுக்கும் மேற்பட்டோரை, பெரும்பாலும் சிரிய நாட்டவரை, ஏற்றியது.

பெரிய கப்பலைத் திருப்புவது சைக்கிளைத் திருப்புவது மாதிரியல்ல. எண்ணெய் செலவு, நேரம் போகும், துறைமுகத்தில் பிந்தினால் கணக்குக் கேட்பார்கள். இதெல்லாம் தெரிந்துதான் தலைவன் திருப்புகிறான். சட்டம் இருப்பதால் திருப்புகிறான் என்று சொல்லலாம். ஆனால் பார்த்தும் பாராமல் போனவனை நடுக்கடலில் யார் பிடிப்பது? கடலில் சாட்சி கிடையாது. ஆகவே திருப்புகிறவன் சட்டத்துக்குப் பயந்து மட்டும் திருப்புவதில்லை.

திருப்பினால் மட்டும் போதாது, தூக்கத் தெரிய வேண்டும். என் அம்மான் ஒருவர் வாவியில் மீன் பிடித்தவர். இறாலுக்கும் நண்டுக்கும் வலை போட்டே வாழ்ந்தவர். தண்ணீரில் விழுந்தவனை எப்படித் தோணியில் ஏற்றுவது என்று அவர்தான் எனக்குக் காட்டித் தந்தார். நேரே முன்னுக்குப் போகாதே, பதற்றத்தில் உன்னைக் கட்டிப்பிடித்து இரண்டு பேருமாகத் தாழ்வீர்கள் என்பார். முதலில் தடியை நீட்ட வேண்டும், தடி எட்டாவிட்டால் கயிற்றில் வெறுங்கலனைக் கட்டி எறிய வேண்டும். அவன் பிடித்த பிறகு பேச்சுக் கொடுக்க வேண்டும். பெயரைக் கேட்காதே, "பிடி, விடாதே, நான் இருக்கிறேன்" என்று மட்டும் சொல் என்பார். தோணி ஒடுக்கமானது. பக்கத்தால் ஏற்றினால் கவிழும், பின்பக்கத்தால் ஏற்ற வேண்டும். ஏற்றுகிறவன் ஒருவன், மற்றவன் எதிர்ப்பக்கம் குந்தியிருந்து பாரம் கொடுக்க வேண்டும். ஏற்றிய கையோடு ஈரத்தைக் கழற்றி, உலர்ந்த சாரத்தால் போர்த்த வேண்டும். இத்தனையும் முடிந்த பிறகுதான் "தம்பி, நீ எந்த ஊர்?" என்று அவர் கேட்பார். ஆளைத் தூக்கிவிட்டு ஊரைக் கேள் என்பது அவர் வாயில் அடிக்கடி வரும் சொல். வாவிக் கரையில் தமிழரும் முஸ்லிம்களும் வாழும் எங்கள் நாட்டில் அந்தச் சொல்லுக்குள்ள எடை வெளியூர்க்காரருக்கு அவ்வளவு இலேசில் விளங்காது.

பெரிய கப்பலுக்கும் இதே கணக்குத்தான், அளவுதான் வேறு. காற்று வரும் பக்கத்தில் கப்பலைக் குறுக்கே நிறுத்தினால் மறுபக்கம் தண்ணீர் அடங்கும். சின்னப் படகு அந்த அடக்கத்துக்குள் வர வேண்டும். கப்பலைக் கண்டதும் படகிலுள்ளவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து ஓடுவார்கள். அங்கேதான் பல படகுகள் கவிழ்கின்றன. 2009 நவம்பர் 1-ஆம் திகதி இந்து சமுத்திரத்தில், கொக்கோஸ் தீவுகளுக்கு அப்பால், 39 இலங்கையர் இருந்த படகு ஒன்று மூழ்கியது. தாய்வான் மீன்பிடிக் கப்பல் ஒன்றும் எல்.என்.ஜி. பயோனியர் என்ற எரிவாயுக் கப்பலும் உதவிக்கு வந்திருந்தும் 27 பேரைத்தான் மீட்க முடிந்தது. 12 பேர் போய்விட்டார்கள். கப்பல் கண்ணிற்பட்ட பிறகும் சாவு வரும். கடலேறிப் போகலாம் என்று யாராவது ஆசை காட்டினால் இதை நினைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகள்.

எங்கள் சனம் கடலில் தத்தளித்த கதைகளில் எனக்கு மறக்க முடியாதது 1986 ஆகஸ்ட் 11. கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், பனிமூட்டத்துக்குள், கஸ் டோல்டன் என்ற மீன்பிடிப் படகுத் தலைவர் இரண்டு உயிர்காப்புப் படகுகளைக் கண்டார். உள்ளே 155 தமிழர்கள். அவ்வளவு பேரைத் தாங்க அந்தப் படகுகள் கட்டப்படவில்லை. தெரிந்தெடுத்து வந்த பயணம் அல்ல அது, இலங்கைப் போர் துரத்திய பயணம். மேற்கு ஜேர்மனியிலிருந்து ஏற்றி வந்த கப்பல் அவர்களை நடுக்கடலில் இறக்கிவிட்டுப் போயிருந்தது. டோல்டன் தன் சின்னப் படகில் ஏற்றக்கூடியவர்களை ஏற்றினார், மற்ற மீனவர்களை வானொலியில் கூப்பிட்டார். பிறகு அரசாங்கக் கப்பல் வந்து எல்லோரையும் சென் ஜோன்ஸ் துறைமுகத்துக்குக் கொண்டுபோனது. தாங்கள் இந்தியாவிலிருந்து வந்ததாக அவர்கள் முதலில் சொன்னது பொய் என்று சில நாளில் தெரிந்தபோது கனடாவில் பலர் கொதித்தார்கள். பயந்தவன் சொல்லும் பொய் அது, திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். அந்தக் கொதிப்பெல்லாம் கரையில் நடந்தது. பனிமூட்டத்துக்குள் டோல்டன் எதையும் விசாரிக்கவில்லை, விசாரித்திருந்தால் நேரம் போயிருக்கும். முப்பது ஆண்டு கழித்து 2016-இல் அவர்களிற் சிலர் திரும்பிப் போய் அந்த மனிதரைச் சந்தித்தார்கள்.

மீட்டது பாதிதான், மீதி கரையில் இருக்கிறது. இதை இந்தக் காலம் நமக்குக் கசக்கக் கசக்கக் கற்பித்துவிட்டது. 2001 ஆகஸ்டில் தம்பா என்ற நோர்வேக் கப்பலின் தலைவர் ஆர்ண ரின்னான், இந்து சமுத்திரத்தில் மூழ்கவிருந்த படகிலிருந்து நானூற்றுக்கும் மேற்பட்டோரைத் தூக்கினார். பெரும்பாலும் ஆப்கானியர். அவுஸ்திரேலியா அவர்களைக் கிறிஸ்மஸ் தீவில் இறக்க விடவில்லை, படையினரைக் கப்பலில் ஏற்றியது. தூக்கியவர் குற்றவாளி போல நின்றார். அடுத்த ஆண்டு ரின்னானுக்கும் அவருடைய மாலுமிகளுக்கும் அகதிகளுக்கான நான்சன் விருது கிடைத்தது. மீட்டவர்களை இறக்க நாடுகள் ஒத்துழைக்க வேண்டும் என்று உடன்படிக்கைகளும் பிறகு திருத்தப்பட்டன.

எங்களுக்கு அண்மையில் நடந்ததைப் பாருங்கள். 2022 நவம்பரில் லேடி ஆர்3 என்ற பழைய கப்பல் 303 இலங்கையருடன் வியட்நாமுக்கு அப்பால் தண்ணீர் ஏறித் தத்தளித்தது. ஆண்கள், பெண்கள், குழந்தைகள். பொருளாதாரம் நொறுங்கிய ஆண்டு அது. கனடா என்ற கனவுக்குப் பலர் நகையை விற்று, காணியை ஈடு வைத்துக் காசு கொடுத்திருந்தார்கள். சிங்கப்பூரிலுள்ள மீட்பு மையத்திலிருந்து செய்தி போனது. ஹீலியோஸ் லீடர் என்ற ஜப்பானியக் கொடிக் கப்பல் வழி திரும்பிப் போய், ஒருவரும் தவறாமல் ஏற்றி, வுங் டாவ் கரையில் இறக்கியது. எண்பது ஆண்டுக்கு முன் எங்கள் கடலில் குண்டு போட்ட அதே நாட்டின் கொடி. மனிதர் மாறுகிறார்கள் என்பதற்கு இதைவிட எனக்கு வேறு சான்று வேண்டியதில்லை. எங்கள் வாவிக்குக் குறுக்கே மண்முனைத்துறையில் 2014-இல் திறந்த பாலமும் ஜப்பானியர் உதவியில் வந்ததுதான். அதற்கு முன்பு வாவியின் மேற்கே படுவான்கரையிலிருந்து வருகிற எத்தனை கர்ப்பிணிகளும் நோயாளிகளும் பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைக்காகத் துறையில் காத்துக் கிடந்தார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் வியட்நாமில் கரையேறிய அந்த 303 பேருக்கு அங்கே காத்திருந்தது நிம்மதி அல்ல. திருப்பி அனுப்பப்படுவோம் என்ற அச்சத்தில் ஒருவர் அங்கேயே உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த ஆண்டு முடியுமுன்னரே 150-க்கும் மேற்பட்டோர் நாடு திரும்பினார்கள், வந்தவர்களுக்குக் கடன் அப்படியே இருந்தது. கப்பற்றலைவன் தன் பங்கைச் செய்தான். எங்கள் பங்கு, திரும்பி வந்த பெடியனை "ஏமாந்த பேர்வழி" என்று கோயில் வீதியில் வைத்துக் கேலி பண்ணாமல் இருப்பதிலிருந்து தொடங்குகிறது.

நாமும் தூக்கப்பட்ட சனம் என்பதை மறக்கக் கூடாது. 2004 மார்கழியில் கடல் எழுந்த காலையில், நாவலடியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் மணல். தப்ப இருந்த ஒரே வழி வாவிப் பக்கம். கரையில் கட்டியிருந்த வள்ளங்களை யாருடையது என்று எவரும் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்த ஒருவர் அன்று தன்னுடையது அல்லாத வள்ளத்தில் முன்பின் தெரியாதவர்களை ஏற்றி இறக்கினார். சொந்தக்காரர் பிறகு வந்து உடைந்த வள்ளத்தைப் பார்த்துவிட்டு, "ஆக்கள் வந்து சேந்திட்டினமோ?" என்று மட்டும் கேட்டாராம். 2021 நவம்பர் 23-இல் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் மாண்டபோதும், முதலில் தண்ணீருக்குள் குதித்தவர்கள் அயலிலிருந்தவர்கள்தான்.

2009-இன் முதல் மாதங்களில், போரின் இறுதியில், முல்லைத்தீவுக் கரைக்கு கிரீன் ஓஷன் என்ற கப்பல் வந்து போனது. செஞ்சிலுவைக் கொடி ஏற்றிய பயணிகள் கப்பல், வீற்றா மாதிரி. கரை வரை அதனால் வர முடியாது. புதுமாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் காயப்பட்டவர்களை மீன்பிடிப் படகுகளில் ஏற்றி, கடலில் நின்ற கப்பலுக்குக் கொண்டுபோனார்கள். பெப்ரவரி தொடங்கி மே மாதம் வரை, காயக்காரரும் அவர்களோடு போனவர்களுமாக 13,000-க்கும் மேற்பட்டோர் அப்படிக் கொண்டுவரப்பட்டார்கள். ஷெல் விழும் கரைக்குத் திரும்பத் திரும்பப் படகைக் கொண்டுபோன அந்த மீனவர்களின் பெயர்கள் எந்தக் கல்லிலும் இல்லை.

2024 டிசம்பர் 19-இல் அதே முள்ளிவாய்க்கால் கடலில் பழுதான பெரிய படகு ஒன்று மிதந்து வந்தது. மியன்மாரின் ரோகிங்கியா மக்கள், நூற்றுக்கும் மேற்பட்டோர், அவர்களுள் பல குழந்தைகள். கண்டவர்கள் உள்ளூர் மீனவர்கள். சோறும் தண்ணீரும் பாலும் கரையிலிருந்து போயின. வந்தவர்களின் மொழி இவர்களுக்கு விளங்காது, இவர்கள் மொழி அவர்களுக்கு விளங்காது. கடற்படை அவர்களைத் திருகோணமலைக்குக் கொண்டுபோனது. பிறகு திருப்பி அனுப்பும் பேச்சு எழுந்தபோது, 2025 ஜனவரியில் முல்லைத்தீவுச் சனம் அவர்களுக்காக வீதியில் இறங்கி நின்றது. தங்கள் காணிக்கும் காணாமற்போன பிள்ளைக்கும் ஆண்டுக்கணக்கில் வீதியில் நின்ற சனம், யாரென்றே தெரியாதவர்களுக்காகவும் நின்றது. அதைப் படித்த நாள் எனக்கு நெஞ்சு நிறைந்தது.

அந்தப் படகு முல்லைத்தீவுக்குத்தான் வர வேண்டும் என்று இல்லை. மார்கழி, தை, மாசியில் வங்காள விரிகுடாவில் எஞ்சின் நின்ற படகைக் காற்றும் நீரோட்டமும் எங்கள் கிழக்குக் கரைப் பக்கம் தள்ளும். 2013 பெப்ரவரியில் கிழக்குக் கடலின் தொலைவில் கடற்படை ஒரு படகிலிருந்து முப்பதுக்கும் மேற்பட்டோரை மீட்டபோது, தங்களோடு வந்த 98 பேர் பசியிலும் தாகத்திலும் செத்துவிட்டார்கள், உடல்களைக் கடலில் விட்டோம் என்று அவர்கள் சொன்னார்கள். அப்படியொரு படகு நாளை எங்கள் வள்ளங்களின் கண்ணிலும் படலாம்.

என் மருமகன் பாலமீன்மடு முகத்துவாரத்தால் கடலுக்குப் போகிறவன். வழமையான சாமானோடு ஒரு நீளக் கயிறு, இரண்டு வெறுங்கலன், பத்து லீற்றர் நல்ல தண்ணீர், இரண்டு பழைய சாரம் மேலதிகமாக ஏற்று என்று சொல்லியிருக்கிறேன். பாரம் கூடும் மாமா, எண்ணெய் கூடச் செலவாகும் என்றான். ஆகும் என்றேன். போன கிழமையிலிருந்து ஏற்றிக்கொண்டுதான் போகிறான்.